ஆர்கானிக் உணவு: முத்திரை மாறவில்லை, முதலாளி மாறிவிட்டார்



பேரங்காடிக்குப் போகிறோம். ஆர்கானிக் பொருள்களுக்கென்று தனி அடுக்கு ஒன்று இருக்கிறது. பால், தயிர், தானியம், சாக்லெட், குழந்தை உணவு எல்லாம் அங்கே உண்டு. விலை மற்றவற்றைவிடக் கூடுதல். ஆனாலும், 'பிள்ளைக்குக் கொடுப்பது நல்லதாகவே இருக்கட்டும்' என்று எடுத்துக் கூடையில் போடுகிறோம். பெட்டியின் மேல் ஒரு சிறு பண்ணை வீடு, நாலைந்து பசுக்கள், பச்சைப் புல்வெளி. நாம் கொடுக்கும் கூடுதல் காசு அந்தப் படத்தில் உள்ள விவசாயியின் கைக்குப் போய்ச் சேர்கிறது என்று மனத்தில் ஒரு நம்பிக்கை.

அந்தக் காசு உண்மையில் எந்த வழியாகப் போகிறது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். உதாரணத்துக்கு அமெரிக்காவை எடுத்துக்கொள்கிறேன். ஆர்கானிக் உணவு பெருந்தொழிலாக வளர்ந்தது அங்கேதான். எந்த நிறுவனம் எந்த நிறுவனத்தை வாங்கியது என்ற கணக்கும் அங்கே வெளிப்படையாகக் கிடைக்கிறது.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களான மெய்ன், வெர்மான்ட், நியூ ஹேம்ப்ஷயர், நியூ யார்க் ஆகியவற்றில் உள்ள 89 பால் பண்ணைக் குடும்பங்களுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. 'உங்களிடம் பால் வாங்கும் ஒப்பந்தம் ஓராண்டில் முடிவடைகிறது. அதன் பிறகு புதுப்பிக்கப்படாது' என்பதே அதன் சாரம். வாங்கிக்கொண்டிருந்தது ஹொரைசன் ஆர்கானிக் என்ற பால் நிறுவனம். அதன் உரிமையாளரோ பிரான்ஸ் நாட்டின் டனோன். தொலைவில் உள்ள சிறு பண்ணைகளுக்கு லாரி அனுப்பிப் பால் சேகரிப்பது கட்டுப்படியாகவில்லை என்பது நிறுவனம் சொன்ன காரணங்களுள் ஒன்று.

'ஒருவர் வாங்கவில்லை என்றால் இன்னொருவருக்கு விற்றுவிட்டுப் போகலாமே?' என்று நீங்கள் கேட்கலாம். பாலைப் பொறுத்தவரை அது அவ்வளவு எளிதல்ல. நெல்லை மூட்டை கட்டி வைக்கலாம், மிளகைக் காயவைத்துக் காத்திருக்கலாம். பசுவோ நாள்தோறும் கறக்கும். ஓரிரு நாளில் குளிரூட்டப்பட்ட லாரி வந்து எடுத்துப் போகாவிட்டால் அந்தப் பாலைக் கீழே கொட்ட வேண்டியதுதான். லாரி எந்தச் சாலை வழியாக வரும் என்பதைத் தீர்மானிப்பது வாங்கும் நிறுவனம்.

சாதாரணப் பாலாக விற்கலாம் என்றால் செலவுக் கணக்கு இடிக்கிறது. அமெரிக்காவில் ஆர்கானிக் முத்திரை பெற, நிலத்தில் மூன்று ஆண்டு தடைசெய்யப்பட்ட இரசாயன உரமோ பூச்சிக்கொல்லியோ படக்கூடாது. பசுக்களை ஓராண்டு முழுதும் ஆர்கானிக் முறையில் வளர்த்த பிறகே பாலை அந்தப் பெயரில் விற்கலாம். 2010ஆம் ஆண்டு விதியின்படி, ஆண்டுக்குக் குறைந்தது 120 நாள் பசுக்கள் மேய்ச்சலில் இருக்க வேண்டும். மேய்ச்சல் பருவத்தில், அவை உண்ணும் தீவனத்தின் உலர் எடையில் 30 விழுக்காடாவது அந்தப் புல்லிலிருந்தே வர வேண்டும். தீவனம் வாங்கினால் அதுவும் ஆர்கானிக். இத்தனை செலவும் காத்திருப்பும் கூடுதல் விலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் செய்தவை. அந்த விலை இல்லையென்றால் பண்ணை நிற்காது.

இந்த ஹொரைசன் யார்? 1991இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருவர் தொடங்கிய நிறுவனம். பெட்டியில் சிவப்பு நிறப் பசு ஒன்று பறந்துகொண்டிருக்கும். குழந்தைகளுக்குப் பிடித்த படம். நிறுவனம் வளர்ந்தது, 1998இல் பங்குச் சந்தைக்கு வந்தது. 2004இல், அப்போது அமெரிக்காவின் மிகப் பெரிய பால் நிறுவனமாக இருந்த டீன் ஃபூட்ஸ் அதை முழுதாக வாங்கியது. பிறகு டீன் ஃபூட்ஸ் தன் ஒயிட்வேவ் பிரிவைத் தனி நிறுவனமாகப் பிரித்தபோது ஹொரைசன் அதனுடன் போனது. 2017இல் அந்த ஒயிட்வேவையே டனோன் வாங்கியது. கடனையும் சேர்த்து அந்தப் பேரத்தின் மதிப்பு ஏறக்குறைய 12.5 பில்லியன் அமெரிக்க டாலர்.

இத்தனை கை மாறியும் பசு அதே பசுதான். பெட்டியைக் கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு எதுவும் நடந்ததாகத் தெரியாது.

2017 பேரத்தில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. டனோனிடம் அதற்கு முன்பே ஸ்டோனிஃபீல்ட் என்ற ஆர்கானிக் தயிர் நிறுவனம் இருந்தது. 1983இல் நியூ ஹேம்ப்ஷயர் மாநிலத்தில் சிறு பண்ணைப் பள்ளி ஒன்றில் ஏழு பசுக்களோடு தொடங்கியதாகச் சொல்லப்படும் நிறுவனம் அது. டனோன் 2001இல் அதில் 40 விழுக்காட்டுப் பங்கு வாங்கி, படிப்படியாக முழுதும் எடுத்துக்கொண்டது. ஸ்டோனிஃபீல்டும் ஒயிட்வேவும் ஒரே கைக்குள் போனால் போட்டி குறையும், வடகிழக்குப் பகுதி ஆர்கானிக் பால் விவசாயிகளும் பாதிக்கப்படுவர் என்று அமெரிக்க நீதித்துறை ஆட்சேபித்தது. அதனால் டனோன் ஸ்டோனிஃபீல்டை விற்க நேர்ந்தது. வாங்கியது இன்னொரு பிரெஞ்சுப் பால் நிறுவனமான லாக்டாலிஸ். விலை 875 மில்லியன் டாலர்.

ஆக, விவசாயிக்கு ஆபத்து இருக்கிறது என்பதை அரசாங்கமே முன்கூட்டிக் கண்டது. மருந்தும் கொடுத்தது. இருந்தும் நான்கே ஆண்டில் அதே வடகிழக்குப் பகுதியில் 89 குடும்பங்களுக்கு அந்த அறிவிப்பு போனது. இரண்டு நிறுவனங்கள் ஒன்றாகாமல் தடுக்கச் சட்டத்துக்கு வழி இருக்கிறது. ஒரு நிறுவனம் ஒரு வட்டாரத்தை விட்டே வெளியேறுவதைத் தடுக்க வழி இல்லை. டனோனின் அமெரிக்கக் கிளை 2018இல் சமூகப் பொறுப்புக்காக வழங்கப்படும் 'பி கார்ப்' சான்றிதழும் பெற்றிருந்தது என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

எதிர்ப்புக் கிளம்பியது. மாநில அரசுகள் தலையிட்டன. டனோன் காலக்கெடுவை 2023 பிப்ரவரி வரை நீட்டித்தது. அந்த இடைவெளியில் ஆர்கானிக் வேலி என்ற அமைப்பு அந்தக் குடும்பங்களில் பலரைச் சேர்த்துக்கொண்டது. ஸ்டோனிஃபீல்டும் சிலரை ஏற்றுக்கொண்டது. ஆர்கானிக் வேலியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சரி, நல்ல நோக்கத்தோடு தொடங்கியவர்கள் ஏன் விற்கிறார்கள்? பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நியாயமல்ல என்பது என் கருத்து. கஸ்கேடியன் ஃபார்ம் என்ற பண்ணையின் கதையைப் பாருங்கள். 1972இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஜீன் கான் என்ற இளைஞர் தொடங்கியது. 1989இல் ஆப்பிளுக்கு அடிக்கும் அலார் என்ற இரசாயனம் பற்றி அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி ஒளியேறியது. மக்கள் பயந்துபோய் ஆர்கானிக் பொருளைத் தேடி ஓடினர். தேவை திடீரென்று ஏற, கான் கடன் வாங்கித் தொழிலைப் பெருக்கினார். சில மாதங்களில் பயம் தணிந்தது, தேவையும் இறங்கியது. கடன் மட்டும் மிஞ்சியது. பெரும்பான்மைப் பங்கைத் திராட்சைச் சாறு தயாரிக்கும் வெல்ச்ஸ் நிறுவனத்துக்கு விற்றார். பின்னர் பங்கை மீட்டு மீண்டும் வளர்ந்தார். 1999இல் அவருடைய நிறுவனத்தை ஜெனரல் மில்ஸ் வாங்குவதாக அறிவித்தது. ஒரு காலத்தில் பெருநிறுவனங்களுக்கு மாற்றாகப் பயிர் செய்யப் புறப்பட்டவர், அதே பெருநிறுவனத்தின் துணைத் தலைவர்களுள் ஒருவரானார்.

இதில் ஜீன் கானைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுக்கில் இடம் பிடிக்கவும், நாடெங்கும் லாரி ஓட்டவும், ஒரு மோசமான ஆண்டைத் தாக்குப்பிடிக்கவும் பணம் வேண்டும். சிறு பண்ணையிடம் அது இல்லை.

பெருநிறுவனங்கள் ஏன் புதிதாகத் தொடங்காமல் வாங்குகின்றன? நிலத்தைத் தயார் செய்ய மூன்று ஆண்டு, பயனீட்டாளரின் நம்பிக்கையைப் பெற அதைவிடக் கூடுதல் காலம். இரண்டையும் ஏற்கெனவே சம்பாதித்து வைத்திருப்பவரை வாங்கிவிட்டால் காத்திருக்கத் தேவையில்லை. அமெரிக்க வேளாண் அமைச்சு 1997இல் ஆர்கானிக் விதிகளின் நகலை வெளியிட்டது. விதிகள் நடைமுறைக்கு வந்தது 2002 அக்டோபரில். நாடு முழுவதற்கும் ஒரே முத்திரை வரப்போகிறது என்று தெரிந்த அந்த இடைப்பட்ட ஆண்டுகளில்தான் பெருநிறுவனங்கள் வரிசையாக வாங்கின. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிலிப் ஹோவார்ட், எது எதற்குச் சொந்தம் என்பதைப் பல ஆண்டுகளாக வரைபடமாக வரைந்து வெளியிட்டு வருகிறார். பார்த்தால் தலை சுற்றும். சிறு வட்டங்கள் எல்லாம் கோடு போட்டு நாலைந்து பெரிய வட்டங்களில் போய்ச் சேரும். அந்தச் சிறு பெயர்கள் பலவற்றின் பெட்டியில், உரிமையாளரின் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும்.

நமக்கு அறிமுகமான ஒரு பெயரையும் சொல்கிறேன். கேட்பரி சாக்லெட் தெரியாதவர் இங்கு யாரும் இல்லை. 1991இல் லண்டனில் ஒரு தம்பதியர் கிரீன் அண்ட் பிளாக்ஸ் என்ற ஆர்கானிக் சாக்லெட்டைத் தொடங்கினர். 2005இல் அதைக் கேட்பரி வாங்கியது. 2010இல் கேட்பரியை அமெரிக்காவின் கிராஃப்ட் வாங்கியது. 2012இல் கிராஃப்ட் பிரிந்தபோது சாக்லெட் வணிகம் மொண்டெலீஸ் என்ற பெயருக்குப் போனது. 2017இல் பிரிட்டனில் அதே கிரீன் அண்ட் பிளாக்ஸ் பெயரில் புதிய சாக்லெட் வந்தது. அது ஆர்கானிக் அல்ல. சட்டப்படி அதில் எந்தத் தவறும் இல்லை, ஏனெனில் உறையில் ஆர்கானிக் என்று எழுதவில்லை. ஆனால் கால் நூற்றாண்டாக அந்தப் பெயருக்கு ஆர்கானிக் என்றே பொருள் கொண்டு பழகியவர் உறையைத் திருப்பிப் பார்த்தா வாங்குவார்?

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1990இல் அமெரிக்க ஆர்கானிக் விற்பனை சுமார் ஒரு பில்லியன் டாலர். 2023இல் அது 70 பில்லியனை நெருங்கியது. பெரிய கைகள் இல்லாமல் இந்த வளர்ச்சி வந்திருக்காது. அவ்வளவு நிலத்தில் இரசாயனம் விழவில்லை என்பது சிறிய நன்மை அல்ல. பெருநிறுவனத்தின் கைக்குப் போன உடனே பாலில் கலப்படம் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முத்திரை இருக்கும்வரை அதே விதிகள்தான் பொருந்தும்.

ஆனால் அந்த விதி எப்படி விளைந்தது என்பதைத்தான் பார்க்கிறது. எவ்வளவு பெரிய பண்ணை, விவசாயிக்கு என்ன விலை, ஒப்பந்தம் எத்தனை ஆண்டு என்பதெல்லாம் அதற்குள் வராது. ஹொரைசனுக்கே ஒரு காலத்தில் ஐடஹோ மாநிலத்தில் சில ஆயிரம் பசுக்கள் கொண்ட சொந்தப் பண்ணை இருந்தது. முப்பது நாற்பது பசு வைத்திருக்கும் வெர்மான்ட் குடும்பத்துக்கும் அதற்கும் முத்திரை ஒன்றேதான். எவ்வளவு மேய்ச்சல் வேண்டும் என்பதை எண் போட்டுச் சொல்லும் 2010 விதி வருவதற்கே பல ஆண்டுப் போராட்டம் தேவைப்பட்டது.

ஆர்கானிக் வேலிக்கு வருவோம். அது விஸ்கான்சின் மாநிலத்தில் 1988இல் விவசாயிகள் சேர்ந்து அமைத்த கூட்டுறவு. உறுப்பினராக உள்ள விவசாயிகளே உரிமையாளர்கள் என்பதால், வெளியார் வந்து பங்கை மொத்தமாக அள்ளிக்கொண்டு போக முடியாது. கூட்டுறவு என்றதும் எல்லாம் சுகம் என்று நினைக்க வேண்டாம். பால் மிகுந்தபோது உறுப்பினர்களின் அளவைக் குறைத்திருக்கிறது, விலையையும் குறைத்திருக்கிறது. ஆனால் குறைக்கும் முடிவை எடுக்கும் இயக்குநர் குழுவில் பால் கறப்பவர்களே இருக்கிறார்கள்.

நமது கடைகளைப் பொறுத்தவரை, மலேசியாவில் உள்ளூர் விளைச்சலுக்கு விவசாய இலாகா 'மைஆர்கானிக்' சான்றிதழ் வழங்குகிறது. பண்ணையைப் பார்வையிட்டுத் தரப்படும் சான்றிதழ் அது. கீரையும் காயும் வாங்கும்போது அதைத் தேடிப் பாருங்கள். வாரச் சந்தையில் விற்பவரே பயிர் செய்பவராக இருந்தால் இரண்டு கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இறக்குமதிப் பொருளானால் பெட்டியைத் திருப்பி, தயாரித்தவர் பெயரைப் படியுங்கள். முன்பக்கப் பெயரும் பின்பக்கப் பெயரும் வேறு வேறாக இருந்தால், வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளைவிட்டு இணையத்தில் ஒரு முறை தேடச் சொல்லுங்கள். வாங்குவதா வேண்டாமா என்பது அதன் பிறகு உங்கள் விருப்பம்.

ஹொரைசன் இப்போது டனோனிடமும் இல்லை. விற்கப்போவதாக 2024 ஜனவரி முதல் நாள் அறிவிப்பு வந்தது, சில மாதங்களில் விற்பனையும் முடிந்தது. இம்முறை வாங்கியது பால் நிறுவனமே அல்ல. பிளாட்டினம் ஈக்விட்டி என்ற முதலீட்டு நிறுவனம். நிறுவனங்களை வாங்கி, நடத்தி, பிறகு விற்பதே அதன் தொழில்.