டில்லி வானமும் மாலை உலாவும்

தமிழ்நாட்டை விட்டு வடக்கே குடியேறி வாழும் நம்மவர்க்குத் தலைநகரின் தெருக்கள் விரைவில் பழகிவிடுகின்றன. அங்காடிகள் பழகுகின்றன, இந்தி மொழியும் ஓரளவு நாவில் படிந்துவிடுகிறது. வானம் மட்டும் பல்லாண்டுகள் கழிந்தும் அயலாகவே இருந்துவிடுகிறது. ஐப்பசி பிறந்தும் மழை இல்லையே என்று ஏங்குகிறோம்; தை மாதத்தில் மழை பெய்தால் பருவம் தவறியது என்கிறோம். டில்லி வானத்தைச் சென்னை நாட்காட்டி கொண்டு அளப்பதால் விளையும் மயக்கம் இது. இது நீங்க எளிய வழி ஒன்று உண்டு. நாள்தோறும் அரைமணி நேரம், எங்கும் போய்ச் சேர வேண்டும் என்ற முனைப்பின்றி, மேலே நோக்கியவாறு மெல்ல உலாவி வருவதே அது.

லோதி தோட்டம், இந்தியா கேட்டைச் சூழ்ந்த புல்வெளி போன்ற திறந்த இடங்கள் இதற்கு ஏற்றவை. முகில்களை இனம் பிரித்தறிதல் முதற் பாடம். 1802-ஆம் ஆண்டில் லண்டனில் லூக் ஹோவர்ட் என்னும் மருந்து வணிகர் முகில்களை வகைப்படுத்தி ஓர் உரை நிகழ்த்தினார். அவர் வகுத்த அடிப்படையே இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. மயிரிழை போல் உயரத்தில் படர்வது கீற்று முகில். அது பனித் துகள்களால் ஆனது. பஞ்சுப் பொதி போல் குவிவது திரள் முகில். விரிப்புப் போல் வானை மூடுவது படை முகில். திரள் முகிலின் அடிப்புறம் தட்டையாய் இருப்பதைக் காணலாம். மேலெழும் காற்று குளிர்ந்து, அதிலுள்ள நீராவி துளிகளாக மாறத் தொடங்கும் உயரமே அந்த அடிப்புறம்.

இனிப் பருவங்களைப் பார்ப்போம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை டில்லியில் பெய்யும் மழை பெரும்பாலும் மேற்கிலிருந்து வருவது. மத்தியதரைக் கடற்பகுதியில் தோன்றும் காற்றுச் சுழல்கள் ஈரானையும் ஆப்கானிஸ்தானத்தையும் கடந்து இங்கே வந்து சேர்கின்றன. இவற்றை வானிலை அறிஞர் ‘மேற்கத்திய இடையூறு’ என்பர். முதலில் கீற்று முகில் தலைகாட்டும். அடுத்து மெல்லிய வெண்படலம் பரவி, நிலவைச் சுற்றி வட்டம் தோன்றும். நம் சிற்றூர்களில் நிலா கோட்டை கட்டியிருக்கிறது என்பார்களே, அதுவே இது. பின்னர்ப் படலம் தடித்துச் சாம்பல் நிறமுற்றால் மழையை எதிர்பார்க்கலாம். கோதுமைப் பயிருக்கு இம்மழை அமுதம் போன்றது. ஆகவே, பருவம் தவறிய மழை என்று நாம் எண்ணுவதை வடநாட்டு உழவர் வழிமேல் விழிவைத்துக் காத்திருக்கின்றனர்.

மே, ஜூன் மாதங்களில் காட்சி மாறுகிறது. பிற்பகலில் திரள் முகில் கோபுரமாய் ஓங்கி, அதன் உச்சி கொல்லன் பட்டடை போல் விரியுமாயின் எச்சரிக்கை கொள்ள வேண்டும். அதனின்று இறங்கும் குளிர்காற்று தரையில் மோதிப் பரவி, உலர்ந்த மண்ணை வாரி எழுப்பும். இதுவே ‘ஆந்தி’ எனப்படும் புழுதிப் புயல். அடிவானில் செம்மண் நிறச் சுவர் ஒன்று எழக் கண்டாலும், இடியொலி கேட்டாலும் உலாவை நிறுத்திக் கட்டடத்துள் புகுக. மரத்தடியில் ஒதுங்குதல் ஆகாது.

தென்மேற்குப் பருவமழை கேரளத்தை ஜூன் முதல் நாளை ஒட்டியும், டில்லியை ஜூன் 27-ஐ ஒட்டியும் அடைவது சராசரி நிலை. பெயர் தென்மேற்காயினும், டில்லிக்கு அது பெரும்பாலும் கிழக்கிலிருந்தே வருகிறது. வங்கக் கடலின் ஈரம் கங்கைச் சமவெளி வழியே ஏறி வருகிறது. அக்காற்றை இவ்வூரார் ‘புர்வா’ என்பர். மேல்காற்றான ‘பச்சுவா’ வீசினால் மழை ஓய்ந்து வறட்சி மிகும்.

இங்கே தமிழர் எண்ணி மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. நம் மொழி திசைக்கொரு காற்றுக்குப் பெயர் வகுத்துள்ளது. கீழ்காற்று கொண்டல், அச்சொல்லே மழை முகிலையும் குறிக்கும். மேல்காற்று கோடை, அதுவே வேனிலுக்கும் பெயர். வடகாற்று வாடை. ஜூலையில் டில்லிக்கு மழை கொணரும் புர்வா நம் கொண்டலன்றி வேறென்ன? மே மாதத்து அனற்காற்றான ‘லூ’ முழுமையான கோடை. ஜனவரியில் மழை நின்றபின் இமயப் பனியைத் தழுவி வரும் காற்றை எதிர்கொள்பவர் வாடை என்னும் சொல்லின் கூர்மையை உடலால் உணர்வர். தென்றல் ஒன்றுக்கே இங்கு இணை காண்பது அரிது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை காலைப் பொழுதில் புகையும் மாசும் தரையை ஒட்டித் தங்குவதுண்டு. அந்நாட்களில் காற்றின் தர அளவைக் கேட்டறிந்து, வெயில் ஏறியபின் உலாவுதல் நலம். அளவு மோசமாயின் பலகணி வழியே வானத்தை நோக்குதலே போதும்.

உலாவச் செல்கையில் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இந்நகரில் பிறந்த அவர்களுக்கு இதுவே சொந்த வானம். கொண்டல், கோடை, வாடை என்னும் சொற்களை ஏட்டில் படிப்பதினும், அக்காற்று முகத்தில் படும்போது கேட்டால் அவர்கள் மறவார். அவ்வாறு கற்ற தமிழும் நிலைக்கும். வாழும் ஊரும் அயலூராய் இராது.