கடலடியில் நம் நாட்டு மரப்பால்

மாலையில் லயத்து வாசலில் அமர்ந்து, தமிழ்நாட்டிலுள்ள உறவினரின் முகத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்துப் பேசுவது இன்று நமக்கு வியப்பாகத் தோன்றுவதில்லை. கப்பலேறி வந்த நம் பாட்டன்மாரோ, ஊருக்கு எழுதிய கடிதத்திற்கு மறுமொழி வர வாரக்கணக்கில் காத்திருந்தனர். தோட்டத்தில் தொலைபேசி இருந்தால் அது அலுவலகத்திலோ துரை பங்களாவிலோதான் இருக்கும். தந்தி வந்தது என்றாலே, பிரித்துப் படிக்கும் முன்பே அழுகை தொடங்கிவிடும்.

அந்தத் தந்தி கடலைக் கடந்து வருவதற்கு மரப்பாலே துணை நின்றது என்பதை நம்மில் பலர் அறியோம். அது நாம் வெட்டும் ரப்பர் மரத்தின் பால் அன்று. நம் நாட்டுக் காடுகளில் வளரும் 'கெத்தா தாபான்' என்னும் மரத்தின் பால். அது உறைந்து கிடைக்கும் பொருளைக் கட்டாபெர்ச்சா என்பர். வெந்நீரில் இட்டால் மாவைப்போல் இளகும், ஆறினால் இறுகும், கடல்நீரில் கெடாது, மின்சாரத்தை வெளியே கசியவிடாது. இதனைச் செம்புக் கம்பியின்மேல் பூசிக் கடலடியில் இட்டனர். 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலும், 1866இல் அட்லாண்டிக் பெருங்கடலின் குறுக்கேயும் இத்தகைய கம்பிவடங்கள் இடப்பட்டன. 1870-71ஆம் ஆண்டுகளில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கும் ஒன்று வந்து சேர்ந்தது.

இதில் வருந்தத்தக்க செய்தியும் உண்டு. ரப்பர் மரத்தைச் சீவினால் பால் ஒழுகிக் கோப்பையில் நிறையும். அதே மரத்தை மீண்டும் வெட்டலாம். கெத்தா தாபான் பாலோ கீறிய இடத்திலேயே உறைந்துவிடும். ஆகவே மரத்தையே வீழ்த்தி, பட்டையில் வளையம் வளையமாகக் கீறி எடுத்தனர். ஒரு மரம் தந்ததோ சிறிதளவே. கம்பிவடம் நீள நீள மரங்கள் காடுகாடாக அழிந்தன. பாலித்தீன் என்னும் செயற்கைப் பொருள் வந்த பின்னரே அதன் தேவை குறைந்தது. பால் வெட்டுவோருக்கு இந்த வேறுபாட்டை நாம் மேலும் விளக்க வேண்டியதில்லை.

விடுதலைக்குப் பின் வளர்ச்சி விரைந்தது. 1970இல் குவாந்தானில் செயற்கைக்கோள் தரைநிலையம் அமைந்தது. 1981இல் பினாங்குக்கும் சென்னைக்கும் இடையே தொலைபேசிக் கம்பிவடம் இடப்பட்டது. 2016இல் முடிவுற்ற மற்றொரு வடம், சிங்கப்பூரிலிருந்து இலங்கை வழியாகப் பிரான்சு வரை செல்வது, நம் மலாக்காக் கரையையே தொடுகிறது. அதில் செய்தி செல்வது செம்பில் அன்று. தலைமயிர் போன்ற கண்ணாடி இழைகளில் ஒளியாகச் செல்கிறது.

உலகத்தின் பேச்செல்லாம் மலாக்காக் கரையில் ஏறினாலும், தோட்டத்தின் உட்புறத்தில் அலை எட்டாமல் மேட்டில் ஏறி நின்று பேசுவோர் உண்டு. 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது பிள்ளைகளின் படிப்பே இதனால் தடைப்பட்டதைப் பெற்றோர் மறக்கமாட்டார்கள். குன்றும் அடர்ந்த மரங்களும் அலையைத் தடுப்பது ஒரு காரணம். ஆள் குறைந்த இடத்தில் கோபுரம் நாட்டினால் வருமானம் குறைவு என்பது மற்றொன்று. இதுவே பெரிய காரணம் என்பது நம் கருத்து. இக்குறையைப் போக்கவே, 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்கீழ் ஒரு பொது நிதி ஏற்பட்டது. உரிமம் பெற்ற பெரிய நிறுவனங்கள் கணக்கிடப்பட்ட நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டை அதில் செலுத்த வேண்டும். வசதி குன்றிய இடங்களில் கோபுரங்கள் நாட்ட அந்நிதி உதவுகிறது.

அலை கிடைக்காத தோட்டத்தார் முதலில் தம் தொலைபேசி நிறுவனத்திடமும், பயனில்லையெனில் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடமும் முறையிடலாம். எந்த இடம், எந்த நேரம், எத்தனை குடும்பங்கள் என்பவற்றை எழுதிக் கொடுத்தல் நலம். அவசர உதவிக்கு 999ஐ அழைக்கும்போது தோட்டத்தின் பெயரோடு டிவிஷனையும், பெருஞ்சாலையிலிருந்து உள்ளே வரும் வழியையும் சொல்ல வேண்டும். செம்மண் சாலைகளுக்குப் பெயர்ப்பலகை ஏது?