அன்னையார் விட்டுச்சென்ற வேதபுத்தகம்

பெற்றோரை இழந்தார்க்கு அவர் கையாண்ட பொருளொன்று கிடைப்பின், அது பெருஞ்செல்வமாகத் தோன்றுவது உலகியற்கை. மூக்குக்கண்ணாடிக் கூடாயினும், வெற்றிலைப் பெட்டியாயினும், சாயம்போன நூற்சேலையாயினும் ஆகுக; சந்தையில் ஒரு காசும் பெறாத அதனைப் பிறர் கேட்பின் கொடுக்க மனம் ஒருப்படுவதில்லை. அப்பொருளில் இறந்தாருடைய ஆவி தங்கியிருக்கின்றதெனக் கிறிஸ்தவராகிய நாம் கொள்வதில்லை. ஆயினும் அதனைத் தொட்டவளவில் உள்ளம் ஆறுகின்றது. சிற்சிலபோது தளர்ந்த விசுவாசமும் நிமிர்கின்றது. இவ்வாறுதல் எங்ஙனம் உண்டாகின்றதென்பதை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

யோப்பா பட்டினத்திலே தொற்காள் என்னும் சீஷி மரித்தபொழுது, அவளால் ஆதரிக்கப்பட்ட விதவைகள் பேதுருவைச் சூழ்ந்து நின்று, அவள் தைத்துக்கொடுத்த ஆடைகளை எடுத்துக்காட்டி அழுதனர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 9-ஆம் அதிகாரத்தாற் காண்கின்றோம். அவளுடைய நற்குணங்களை அவர்கள் விரித்துரைத்ததாக ஆங்கே கூறப்படவில்லை. துணியையும் தையலையுமே காட்டினர். துக்கமுற்றார்க்குச் சொல் எழாது. கை ஏதேனும் ஒரு பொருளை நாடும். நம் முன்னோரும் போரில் வீழ்ந்த மறவனுக்குக் கல் நட்டனர். கல்லைக் காண்டல் முதல் வாழ்த்துதல் ஈறாக அறுவகை நிலைகளைத் தொல்காப்பியர் புறத்திணையியலில் வகுத்துரைப்பர். ஆனால் நடுகல் ஊரார் அனைவரும் காண நிற்பது; அவன் யாது செய்தான் என்பதனை அறிவிப்பது. தொற்காளின் தையலோ அதனை உடுத்தவளுக்கே பேசுவது. ஊசி எவ்விடத்து இருமுறை சென்றது, கிழிந்த இடம் எவ்வளவு பொறுமையோடு மூடப்பட்டது என்பன அவளுக்கன்றிப் பிறர்க்குத் தெரியா.

நந்தமிழ்க் கிறிஸ்தவ இல்லங்களில் இவ்வாறு எஞ்சும் பொருள்களுள் முதன்மையானது வேதபுத்தகமே. சீகன்பால்கு ஐயர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1714, 1715-ஆம் ஆண்டுகளில் அச்சேறியது. பின்னர்ப் பப்ரீசியு ஐயரின் மொழிபெயர்ப்பு நெடுங்காலம் வழங்கிற்று. அதன்பின், பவர் ஐயரைத் தலைவராகக்கொண்ட குழுவினர் திருத்திய வேதாகமம் 1871-இல் வெளிவந்தது. இக்காலத்தில் எளிய நடையிலமைந்த மொழிபெயர்ப்புகளும், 1995-இல் வெளியான திருவிவிலியமும் உள. எனினும் தாயார் வாசிக்கக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அவர் வாசித்த பாடமே செவியில் நிற்கும். புதிய பாடம் பொருளைத் தெளிவாகத் தருதலுங் கூடும். அன்னையின் குரலைத் தரமாட்டாது. ஆதலின் அப்பழைய சொன்னடையும் ஒரு நினைவுப் பொருளே என்பேன்.

அப்புத்தகத்தினுள் என்னென்ன கிடக்குமென்பதை நம்மவர் அறிவர். குருத்தோலை ஞாயிறன்று கொடுத்த ஓலைச் சிலுவை காய்ந்து பழுப்பேறிக் கிடக்கும். புத்தாண்டு ஆராதனையிற் பெற்ற வாக்குத்தத்த அட்டைகள் ஆண்டுவாரியாக இருக்கும். இரு ஏற்பாடுகட்கும் இடையிலோ முகப்பிலோ உள்ள வெற்றேட்டில் பிறப்பு, ஞானஸ்நானம், விவாகம், மரணம் ஆகியவை நாளொடு குறிக்கப்பட்டிருக்கும். நம் சமுதாய வரலாற்றை எழுதப் புகுவார் கல்வெட்டையும் சபைப் பதிவேட்டையும் தேடுவதுபோல இவ்வேடுகளையும் தேடுவாராயின் நலமாம்.

என் அன்னையார் இரண்டாண்டுகட்கு முன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர் வேதபுத்தகத்தில் நீலப் பென்சிலாற் கீறிய வசனங்கள் பல. எல்லாரும் கீறும் 23-ஆம் சங்கீதத்தில் ஒரு கோடும் இல்லை. மனப்பாடமாயிருந்ததற்குக் கோடு எதற்கு? ஆனால் 13-ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தருகே ஒரு கேள்விக்குறியும் ஒரு தேதியும் உள. கர்த்தர் எதுவரைக்கும் தம்மை மறந்திருப்பார் என்று தாவீது முறையிடும் இடம் அது. அத்தேதியை வெற்றேட்டொடு ஒப்பிட்டு நோக்கினேன். யான் பிறக்குமுன் பதினொரு மாதத்தில் மரித்த என் தமையனின் இறந்தநாளுக்கு ஒன்பது நாள் பிற்பட்டது அது. அவர் இதனை எம்மிடத்து ஒருநாளும் வாய்திறந்து சொன்னதில்லை. நாடோறும் விளக்கேற்றியவுடன் குடும்ப ஜெபம் நடத்திய அவரை ஐயமறியாதவர் என்றே உற்றார் கூறுவர். அதே சங்கீதத்தின் ஈற்றில், நம்பிக்கையொடு பாடுவேன் என அது முடியுமிடத்தில், வேறு மையால் எழுதிய மற்றொரு தேதி உண்டு. அது என் ஞானஸ்நான நாள். சங்கீதத்தில் உள்ளவை ஆறே வசனங்கள். அவற்றைக் கடக்க என் அன்னையார்க்கு ஏறக்குறைய மூன்றாண்டு சென்றிருக்கின்றது.

அவர் மறைந்த பின்னர் என்னால் ஜெபிக்க இயலாதிருந்த மாதங்களில் எனக்கு ஆறுதலளித்தது அவர் கீறிய வாக்குத்தத்தங்களன்று, அக்கேள்விக்குறியே. விசுவாசிகள் கேட்கலாகாதென நான் எண்ணிய கேள்வியை அவர் கேட்டிருக்கின்றார். கேட்டபின்னும் புத்தகத்தை மூடிவைத்துவிடவில்லை.

நினைவுப் பொருள் விசுவாசத்திற்குத் துணையாகும் வகையை எலிசாவின் வரலாறு நன்கு விளக்கும். எலியா எடுத்துக்கொள்ளப்பட்ட பின், கீழே விழுந்த அவருடைய சால்வையைக்கொண்டு எலிசா யோர்தானின் தண்ணீரை அடித்தான். அப்பொழுது அவன் எலியாவைக் கூவியழைக்கவில்லை. எலியாவின் தேவன் எங்கே என்று வினவினான். சால்வை எலியாவினுடையது, வினாவோ அவர் தேவனை நோக்கியது. பொருள் நம்மை இறந்தாரிடத்தே நிறுத்திவிடாது, அவர் யாரை நோக்கி நின்றாரோ அவரை நோக்கித் திருப்புமாயின் அது தன் தொழிலைச் செய்ததாகும்.

அங்ஙனம் திருப்பாதவழி இடர் உண்டு. மோசே வனாந்தரத்தில் உண்டாக்கிய வெண்கலச் சர்ப்பம் தேவ கட்டளையாற் செய்யப்பட்டதே. பிற்காலத்து ஜனங்கள் அதற்குத் தூபங் காட்டியமையால், எசேக்கியா ராஜா அதனை உடைத்துப்போட்டான். காய்ச்சற் கண்ட குழந்தையின் தலையணைக்கீழ் வேதபுத்தகத்தை வைப்பாரும், கண்ணைமூடி ஏட்டைத் திறந்து சகுனம் பார்ப்பாரும் நம்முள்ளும் இருக்கின்றனர். அவர்தம் அன்பை யான் இகழேன். ஆனால் திறந்து வாசியாத புத்தகம் தாயத்துக்கு வேறன்று; அதனை வைத்துச்சென்ற தாயார் அதனை அவ்வாறு கையாண்டாரல்லர்.

பழம்புத்தகத்தைப் பேணுதலும் எளிதன்று. தாள் பழுத்து ஒடிகின்றது. இராமபாணப் பூச்சி புகுகின்றது. உலர்ந்த வேப்பிலை இடுவது எங்கள் வீட்டு வழக்கம். முதுகு பிரிந்தமையால், புத்தகங் கட்டுவார் ஒருவரிடம் கொண்டுசென்றோம். அவர் பார்த்துவிட்டு, ஓரங்களைச் சற்றே வெட்டினாலன்றிக் கட்டு அழகாய் அமையாது என்றார். பென்சிற் குறிப்புகள் யாவும் அவ்வோரங்களிலேயே உள்ளன. என் தமக்கையார் அதனை வாங்கி, அன்னையாரின் பழஞ்சேலைத் துண்டொன்றிற் சுற்றி வீட்டிற்குக் கொண்டுவந்துவிட்டார். இப்பொழுதும் மாலை ஜெபத்திற்கு அவ்வாறே அவிழ்த்து வாசிக்கின்றோம்.