சாகாத மூளையைத் தேடும் ஸ்கேன்

ஒரு பக்கக் கை விழுந்து, பேச்சு குழறி வந்தவருக்கு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை" என்று டாக்டர் சொன்னால், கூட வந்தவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். ஒன்றும் இல்லாமலா கை விழுந்தது? மெஷின் சரியில்லையோ? தென்காசியில் எடுத்ததைத் திருநெல்வேலியில் போய் இன்னொரு தடவை எடுக்கலாமா? ஆனால் பக்கவாதம் வந்த முதல் ஓரிரு மணி நேரத்தில் ஒரு குடும்பம் கேட்கக்கூடிய நல்ல செய்தி அதுதான்.

சி.டி. ஸ்கேன் அளப்பது அடர்த்தியை. 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்த கருவியை உருவாக்கியவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட். இசைத்தட்டுக்குப் பேர்போன இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் அவர். 1979இல் ஆலன் கார்மாக்கோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் பெயரால் வழங்கும் அளவுகோலில் தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. மூளைத் திசு முழுக்க ஏறத்தாழ 20க்கும் 40க்கும் நடுவில் அடங்கிவிடும். புதிதாகக் கசிந்த ரத்தம் 60க்கு மேல். அதனால் மூளையில் ரத்தம் கசிந்திருந்தால் படத்தில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். ரத்தக்குழாய் அடைத்திருந்தால் திசு மெல்ல மெல்லத்தான் நீர் கோத்துக் கறுக்கும். முதல் சில மணி நேரத்தில் அந்த மாற்றம் கண்ணுக்கு எட்டாமலே போகலாம். ஒன்றும் தெரியவில்லை என்றால் ரத்தக்கசிவு இல்லை, பெரும்பாலும் பெரிய அழிவும் இன்னும் நடக்கவில்லை என்று பொருள். அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் வந்தவருக்கு, வேறு தடை இல்லையென்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட இந்தச் சாதாரண ஸ்கேனே போதும்.

நேரம் தாண்டி வந்தவர்கள் பாடுதான் சிக்கல். அவர்களுக்கு எவ்வளவு மூளை மிஞ்சியிருக்கிறது என்பதே கேள்வி. உடம்பின் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடம்பு செலவிடும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் வேண்டும். 20க்குக் கீழே போனால் செல்கள் வேலையை நிறுத்துகின்றன, கை விழுகிறது. ஆனால் செல் சாவதில்லை. 10க்கும் கீழே போனால்தான் சீக்கிரம் சாகிறது. சிற்றாற்று வாய்க்காலில் மடை அடைத்துக்கொண்டால் நேர் கீழே உள்ள வயல் காய்ந்துவிடும்; பக்கத்து வயலின் கசிவு எட்டுகிற இடத்தில் பயிர் வாடி நிற்கும், தண்ணீர் வந்தால் நிமிர்ந்துகொள்ளும். மூளையில் அந்தக் கசிவைத் தருபவை பக்கக் கிளைக்குழாய்கள். அவை ஆளுக்கு ஆள் வேறுபடும். பெரிய குழாய் அடைத்தால் சராசரியாக நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006இல் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார். சராசரிதான் அது. ஒருவருக்கு இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும், இன்னொருவருக்குப் பத்து மணி நேரம் கழித்தும் பாதி மிஞ்சியிருக்கும். கடிகாரத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது.

அதைச் சொல்ல வந்ததுதான் பெர்ஃப்யூஷன் சி.டி. கை ரத்தக்குழாயில் அயோடின் கலந்த மருந்தை வேகமாகச் செலுத்துவார்கள். உடம்பெல்லாம் ஒரு சூடு ஓடும். மூளையின் அதே பகுதிகளை ஒரு நிமிடம் போலத் திரும்பத் திரும்பப் படமெடுப்பார்கள். மருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் எப்போது வந்தது, எவ்வளவு வந்தது, எப்போது வெளியேறியது என்று கணினி கணக்குப் போடும். இந்த வழியை லியோன் ஆக்ஸல் 1980இலேயே எழுதிவிட்டார். அதற்கு ஈடுகொடுக்கும் வேகமான கருவிகள் பிறகுதான் வந்தன. ரத்த ஓட்டம் நல்ல பகுதியில் இருப்பதில் 30 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் அந்த இடம் செத்ததாகக் கணக்கு. மருந்து வந்து சேர 6 விநாடிக்கு மேல் தாமதமானால் ஆபத்தில் இருக்கும் இடம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் காப்பாற்றக்கூடிய மூளை.

இரவு நன்றாகப் படுத்தவர் காலையில் கை வராமல் எழுந்தால், எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. முன்பெல்லாம் அவருக்குச் செய்ய அதிகம் இருக்கவில்லை. 2018இல் அச்சான 'டான்' ஆய்வு, 6 முதல் 24 மணி நேரம் கடந்து வந்தவர்களில் காப்பாற்றக்கூடிய மூளை மிச்சமுள்ளவர்களை இப்படிப்பட்ட ஸ்கேனால் தேர்ந்தெடுத்து, தொடைக் குழாய் வழியே கம்பி செலுத்திக் கட்டியை இழுத்தெடுத்தது. மூன்று மாதத்தில் தன் வேலையைத் தானே பார்க்கும் நிலைக்கு வந்தவர்கள் 49 சதவீதம். அந்தச் சிகிச்சை பெறாதவர்களில் 13 சதவீதம்.

இதற்காக இந்தப் பெர்ஃப்யூஷன் வண்ணப் படங்களைத் தெய்வ வாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மென்பொருளுக்கு மென்பொருள் எண் மாறும். 2022, 2023இல் வந்த ஆய்வுகள், பெரிய பகுதி செத்துப்போனதாகத் தெரிந்தவர்களில்கூடச் சிலர் பலன் பெறுவதைக் காட்டின. தென்காசி போன்ற ஊருக்கு, என் கணிப்பில், பெர்ஃப்யூஷனைவிட அவசரத் தேவை ஆஞ்சியோகிராம் சி.டி.தான். கழுத்திலிருந்து உச்சி வரை எந்தக் குழாய் அடைத்தது என்று அது காட்டிவிடும். 2019இல் தனி மாவட்டம் ஆனாலும், பெரிய ஆஸ்பத்திரி என்றால் இங்கிருந்து பாளையங்கோட்டைக்கு 55 கிலோமீட்டர் போக வேண்டும். செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். யாரை உடனே ஏற்றி அனுப்ப வேண்டும் என்பதைப் புறப்படும் முன்பே தெரிந்துகொள்வது பாதி வைத்தியம். ஒரே ஊசியாகப் போட்டு முடிக்கக்கூடிய டெனெக்டெப்ளேஸ் என்ற கட்டி கரைக்கும் மருந்து வந்த பிறகு, மருந்தைக் கொடுத்துவிட்டே ஆம்புலன்ஸில் ஏற்றலாம்.

குற்றாலத்தில் சீசன் நேரத்தில் எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பது சுகம்தான். விழுந்த கைக்கு முதல் நாளில் அது வைத்தியம் ஆகாது, சிலர் நம்பும் புறா ரத்தமும் ஆகாது. வாய் கோணினாலோ, கை இறங்கினாலோ, பேச்சு குழறினாலோ 108ஐக் கூப்பிடுங்கள். ஸ்கேன் எடுக்கும் முன் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். கசிவாக இருந்தால் கெடுதல். விழுங்க முடியாமல் போயிருக்கலாம் என்பதால் வாயில் தண்ணீரும் ஊற்ற வேண்டாம். கடைசியாக அவர் நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்தைக் குறித்துவைத்து, டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.