சிவனொளிபாதமலை: ஏறுமுன் ஒரு கணக்கு

சிவனொளிபாதமலைக்கு நுழைவுச்சீட்டு கிடையாது. ஆனால் ஒவ்வொருவர் ஏறுவதற்கும் பின்னால் ஒரு செலவு இருக்கிறது. அதில் பெரும்பகுதியை ஏறுபவர் கொடுப்பதில்லை.

பாதை: ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு ஏறத்தாழ 33 கிலோமீட்டர். அங்கிருந்து நடை சுமார் 7 கிலோமீட்டர். படிகள் சுமார் 5,500. ஏறும் உயரம் ஏறத்தாழ 1,000 மீட்டர். உச்சி 2,243 மீட்டர்.

பருவம்: டிசம்பர் போயா முதல் மே மாத வெசாக் போயா வரை. உச்சியில் இருப்பது பௌத்தருக்குப் புத்தர் பாதம், இந்துக்களுக்குச் சிவன் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதம் நபியின் பாதம். பயணி இப்னு பதூதா 1344இல் இங்கே ஏறினார்.

கூலி: தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 2021 மார்ச்சில் 1,000 ரூபா, 2024இல் அடிப்படை 1,350 ரூபா. அவர் இரவு ஏறி மறுநாள் இறங்கினால் அன்றைய பேர், அதாவது அந்த நாளின் கூலி, போய்விடும். 2024 கணக்கில், கணவனும் மனைவியும் வந்தால் 2,700 ரூபா இழப்பு. பஸ் காசு தனி.

சுமை: மேலே வாகனப் பாதை இல்லை. வழிக்கடைகளின் மாவும் சீனியும் ஆள்தோளில்தான் ஏறுகின்றன. 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் என்றால், இரும்புக் கூட்டின் எடையும் அதே தோளில்தான். குளிரில் நம் கைக்கு வரும் சுடுதேநீரின் விலையில் அந்தத் தோளின் கூலியும் அடங்கும்.

காடு: கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் மலைக்காடு வெட்டப்பட்டது. தப்பியதில் ஏறத்தாழ 224 சதுர கிலோமீட்டர் 1940இல் சரணாலயமானது. 2010இல் ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் ஆகியவற்றோடு இம்மலைக்காடும் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. இலங்கைக்கே உரிய முதுகெலும்பு உயிரினங்களில் பாதிக்கு மேல் இந்த மத்திய மலைநாட்டில் வாழ்கின்றன.

நீர்: களனி கங்கையும் களு கங்கையும் இம்மலைத்தொடரில் பிறக்கின்றன. கொழும்பின் குடிநீருக்கு முக்கிய ஆதாரம் களனி. இம்மலை நீரைத் தேக்கும் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே நீரில் மூழ்கியது. அதன் நீரில் ஓடும் கென்யன் மின்நிலையத்தின் திறன் 60 மெகாவாட்.

நம் பங்கு: ஒன்றரை லிட்டர் போத்தலை நிறைத்து மேலே கொண்டுபோக ஒன்றரைக் கிலோ சுமக்கிறோம். வெறும் போத்தலின் எடையோ சில பத்து கிராம். அதை ஓடையோரம் எறிந்தால், எடுத்துவர இன்னொருவர் படியேற வேண்டும். எடுக்காவிட்டால் மழை அதை ஆற்றில் சேர்க்கும். ஆகவே கொண்டுபோகும் பொருட்களை நல்லதண்ணியில் எண்ணிக்கொள்ளுங்கள். இறங்கி வந்ததும் மறுபடி எண்ணுங்கள். தின்றதும் குடித்ததும் தவிர வேறெதுவும் குறையக் கூடாது.