புள்ளியைத் தொட்டால் ஆள் தெரியும்

இணைய வரைபடத்தில் ஒரு புள்ளியைத் தொட்டதும் சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். கடையின் பெயர், திறக்கும் நேரம் என்ற அளவில் இருந்த அந்தப் பெட்டிக்குள் இப்போது, அங்கே நின்று யாரோ போட்ட படமும் பதிவும் வரிசையாக ஓடுகின்றன. சுற்றுலாத் தளமோ திருவிழா வரைபடமோ, சில வரி நிரல் எழுதினால் சமூக ஊடகப் பதிவுகளை அதில் கோத்துவிடலாம். கோப்பவருக்குப் பெரும்பாலும் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. ஆனால் பதிவிட்டவர், பார்க்க வந்தவர் என இரண்டு பேருடைய உரிமை அந்தப் பெட்டிக்குள் அடங்கியிருக்கிறது. இருவரிடமும் யாரும் கேட்பதில்லை.

பதிவிட்டவரை முதலில் எடுத்துக்கொள்வோம். ‘எல்லாரும் பார்க்கத்தானே போட்டார், அதை வரைபடத்தில் காட்டினால் என்ன?’ என்பதுதான் வழக்கமான பதில். 2012 மார்ச்சில் ‘கேர்ள்ஸ் அரவுண்ட் மீ’ என்ற ஐபோன் செயலிக்கு எதிர்ப்பு கிளம்பியபோது, அதை உருவாக்கிய ரஷ்ய நிறுவனமும் இதையேதான் சொன்னது. ஃபோர்ஸ்கொயர் என்ற இருப்பிடச் செயலியில் ‘இங்கே இருக்கிறேன்’ என்று பெண்கள் பதிந்த இடத்தையும் அவர்களுடைய ஃபேஸ்புக் படத்தையும் சேர்த்து, அக்கம்பக்கத்தில் எந்தப் பெண் இருக்கிறார் என்று வரைபடத்தில் காட்டியது அந்தச் செயலி. அது எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. ஒவ்வொரு தகவலும் தனித்தனியே பொதுவில் கிடந்ததுதான். ஃபோர்ஸ்கொயர் தன் தரவைத் தர மறுத்த பிறகே அது முடங்கியது. பதிவுகளின் ஓட்டத்தில் ஒருவர் சொன்னது நாலு நாளில் கீழே போய்விடும். அவரை அறிந்தவர்தான் தேடிப் பார்ப்பார். வரைபடத்திலோ, அவரை அறியாத எவரும் இடத்தைத் தொட்டு ஆளை எடுக்கலாம். தகவல் அதேதான், தேடும் திசை தலைகீழாகிவிட்டது.

இங்கே நம் சட்டம் பாதிக் கையை விரித்துவிடுகிறது. ஒருவர் தாமே பொதுவில் வைத்த தகவலுக்குப் பொருந்தாது என்று 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 3-ஆம் பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. ஆனால் ‘தாமே’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கூட்டப் படம் ஒன்றில் பத்து முகம் இருந்தால் போட்டவர் ஒருவர். மற்ற ஒன்பது பேர் எதையும் பொதுவில் வைக்கவில்லை. திருத்தவும் நீக்கவும் கேட்கும் உரிமை இந்தச் சட்டத்தில் உண்டு. 2025 நவம்பர் அறிவிப்பின்படி அது நடைமுறைக்கு வர, அறிவிப்பு நாளிலிருந்து 18 மாதம் ஆகும். பெண்ணை இணையவழி கண்காணித்துத் தொடர்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் இப்போதே குற்றம். அது தொடர்ந்தவன்மேல் பாயும். அவனுக்கு வழிகாட்டிய வரைபடத்தை அத்தனை எளிதில் தொடாது.

பார்க்க வந்தவரின் நிலை இன்னும் வேடிக்கையானது. பெட்டி திறந்த நொடியே அவருடைய ஐபி முகவரி சமூக ஊடக நிறுவனத்துக்குப் போய்விடுகிறது. எந்தத் தளத்திலிருந்து வந்தார் என்பதும் பெரும்பாலும் கூடவே போகும். அங்கே அவருக்குக் கணக்கே இல்லாவிட்டாலும் போகும். ‘அது அந்த நிறுவனத்தின் வேலை, என் தளத்துக்கு என்ன சம்பந்தம்?’ என்ற வாதத்தை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 ஜூலை 29 அன்று ஃபேஷன் ஐடி வழக்கில் தள்ளிவிட்டது. ஃபேஷன் ஐடி என்பது ஃபேஸ்புக்கின் ‘லைக்’ பொத்தானைத் தன் தளத்தில் வைத்திருந்த ஜெர்மன் துணிக்கடை. தகவலைச் சேகரித்து அனுப்பும் அளவுக்குக் கடைக்கும் கூட்டுப் பொறுப்பு உண்டு, அதன்பின் ஃபேஸ்புக் செய்வதற்குக் கிடையாது என்றது தீர்ப்பு. அது இந்தியாவைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் கதவைத் திறந்து வைத்தவருக்குக் கதவளவு பொறுப்பு என்ற அந்தக் கணக்கு எந்த ஊருக்கும் பொருந்தும்.

அப்படியானால் பதிவை நகலெடுத்துத் தன் சர்வரிலிருந்தே காட்டலாமே என்று தோன்றும். அதில் பார்ப்பவர் தப்பிப்பார், பதிவிட்டவர் மாட்டிக்கொள்வார்: அவர் மூலப் பதிவை அழித்தாலும் நகல் வரைபடத்தில் நிற்கும். 2015 சென்னை வெள்ளத்தில் மீட்புக் கேட்டு வீட்டு முகவரியும் கைபேசி எண்ணும் பலர் பொதுவில் போட்டார்கள். அன்று அது உயிர் காக்கும் தகவல். ஆபத்துக் காலத்தில் இதையெல்லாம் பார்க்க முடியுமா என்று கேட்பது நியாயம்தான். ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு அந்த எண்ணை வரைபடத்தில் வைத்திருப்பதற்குக் காரணமே இல்லை. அத்தகைய பதிவுக்குக் காலாவதித் தேதி வேண்டும்.

மற்ற வரைபடங்களுக்கு நடுவழி உண்டு. பெட்டிக்குள் முதலில் வெறும் பொத்தானை மட்டும் வைத்து, அதைத் தொட்டால்தான் பதிவு மூலத் தளத்திலிருந்து வரும்படி செய்யலாம். அழிக்கப்பட்டது தானே மறையும். பார்ப்பவரும் தெரிந்தே தொடுவார். தனிநபர் பதிவென்றால் புள்ளியின் துல்லியத்தையும் குறைக்க வேண்டும். ஆயத்தொலைவில் நான்கு தசம இலக்கம் ஒரு வீட்டையே சுட்டும், ஏறத்தாழ 11 மீட்டர். இரண்டாக்கினால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஒரு பேட்டை அளவு. தன் பதிவை வரைபடத்தில் கண்டவர் அந்தப் பக்கத்தைத் தேதியோடு படமெடுத்துக்கொண்டு, தளத்தாருக்கு எழுத்தில் நீக்கக் கோர வேண்டும். கூடவே மூலப் பதிவில் இருப்பிடக் குறியை எடுத்துவிட்டு, சமூக ஊடக நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கும் புகார் அனுப்பலாம். மிரட்டலோ பின்தொடர்தலோ இருந்தால் நேராகக் காவல் துறையின் சைபர் குற்றப் பிரிவுக்கே போக வேண்டும். தளத்தாரின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.