அரக்கோணத்து ராஜாளியும் கடலூர்க் கரையும்

தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய ஆறுகள் கடலில் கலக்கும் கடலூர், சிதம்பரம் கரைப்பகுதி நீரும் நிலமும் பின்னிக் கிடக்கும் தாழ்நிலமாதலால், புயலோ பெருவெள்ளமோ வரும்போது சாலைகள் அறுபட்டு ஊர்கள் தீவுகளாகிவிடுகின்றன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்தையும், கிள்ளைக்கு அருகே படகில் மட்டுமே சென்றடையக்கூடிய எம்.ஜி.ஆர். திட்டையும் சிதைத்தது, 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இதே கரையைக் கடந்தது. இத்தகைய வேளைகளில் ஓடுதளம் வேண்டாமல், அந்தரத்தில் நின்றபடியே கயிறு இறக்கி மனிதரைத் தூக்கக்கூடிய ஊர்தி ஹெலிகாப்டர். அதை ஓட்டும் கடற்படை விமானிகள் உருவாகும் இடம், கடலூருக்கு வடக்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் வான்தொலைவில், அரக்கோணத்தில் இருக்கிறது.

இரண்டாம் உலகப்போர்க் கால விமானத்தளம் ஒன்று புதுப்பிக்கப்பட்டு, 1992 மார்ச் 11 அன்று குடியரசுத் தலைவர் ரா. வெங்கடராமனால் ஐ.என்.எஸ். ராஜாளி என்னும் வேட்டைப் பறவையின் பெயரோடு தொடங்கிவைக்கப்பட்டது. இங்குள்ள ஐ.என்.ஏ.எஸ். 561 என்னும் ஸ்குவாட்ரன், அதாவது ஒரு பணிக்கென வானூர்திகளும் விமானிகளும் பராமரிப்போரும் ஒன்றுசேர்ந்த பிரிவு, கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளியாகும். ராணா பிரதாப்பின் குதிரையின் பெயரைத் தாங்கிய சேத்தக், பிரெஞ்சு வடிவமைப்பை உரிமம் பெற்று இந்தியாவில் கட்டப்பட்ட ஏழு இருக்கை ஹெலிகாப்டர், இங்கு நெடுங்காலமாகப் பயிற்சி ஊர்தியாக இருந்து வருகிறது.

சேத்தக்கின் தலைக்கு மேல் 11 மீட்டர் விட்டத்தில் மூன்று அலகுகள் சுழல்கின்றன. அவை காற்றைக் கீழே தள்ளுவதால் ஊர்தி மேலெழுகிறது. ஆனால் சுழலி ஒரு பக்கம் சுற்ற, உடல் எதிர்ப்பக்கம் திரும்ப முயலுமாகையால், அதைத் தடுத்து நிறுத்த வாலில் ஒரு சிறு சுழலி வேண்டியிருக்கிறது. இடக்கை நெம்புகோல் எல்லா அலகுகளின் சாய்கோணத்தையும் ஒருசேரக் கூட்டி உயரம் தருகிறது. வலக்கைத் தண்டு சுழல்தளத்தையே சாய்த்துத் திசை தருகிறது. கால் மிதிகள் வால் சுழலியை ஆள்கின்றன. ஒன்றை அசைத்தால் மற்ற இரண்டையும் திருத்தியாக வேண்டும் என்பதால், விரைந்து பறப்பதைவிட ஓரிடத்தில் அசையாமல் நிற்பதே கடினமான கலை. அலைபாயும் நீர்ப்பரப்பின் மேல், பார்வையை நிறுத்திக்கொள்ள நிலையான அடையாளம் எதுவும் இல்லாமையால், அது இன்னும் கடினமாகிறது. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுக்குள் சிக்கிய படகின் மேல் நிற்க நேர்ந்தாலோ, சுழலி தள்ளும் காற்றே படகை அலைக்கழிக்கும் என்பதையும் விமானி கணக்கில் கொள்ள வேண்டும்.

இயந்திரம் நின்றாலும் ஹெலிகாப்டர் கல்லைப்போல் விழுவதில்லை. கீழிருந்து எழும் காற்று அலகுகளைத் தொடர்ந்து சுழற்ற, அச்சுழற்சியில் சேர்ந்த ஆற்றலைக் கடைசி நொடியில் செலவிட்டு மெல்லத் தரையிறங்க இயலும், அதற்கும் பயிற்சி உண்டு.

இப்பள்ளியின் 102-ஆம் பயிற்சி அணி 2024 ஜூன் 7 அன்று சிறகுச் சின்னம் பெற்றபோது, சப்-லெப்டினன்ட் அனாமிகா பி. ராஜீவ் இந்தியக் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானியானார்.